தேசிக்காய் கட்டிய கதவுகள்

ஒக்டோபர் 2, திங்கள்

நகரசபை வேலை உறுதியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும். இந்த வெள்ளைக்காரர் ஊரில் இருக்கிற நாற்பது தமிழ் வீடுகளுக்கும் நான் போக வேண்டும். நிறத்தையும் நாட்டையும் பார்த்து யாராவது ஏசினார்களா, அடித்தார்களா, வீட்டுக்குக் கல்லெறிந்தார்களா என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். எந்தத் தெருவில் அதிகமோ அங்கே கமராவும் பொலிஸ் ரோந்தும் வருமாம்.

எங்களுக்குப் பொறுப்பு டோனா. ஜமேக்காக்காரி, ஆனால் பிறந்தது இங்கேதான். கணக்கெடுக்கிற எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றாள். நான் தமிழில் எழுதினால் அவளுக்கு என்ன விளங்கப்போகிறது? அதனால் மனம்விட்டு எழுதப்போகிறேன்.

டோனா ஒரு விதியை மூன்று தரம் சொன்னாள். நடந்தது இனவெறியால்தான் என்று பாதிக்கப்பட்டவர் நினைத்தாலே போதும், அப்படியே பதிய வேண்டும். நாங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நல்ல விதிதான். சனம் என்ன நினைக்கிறதோ அதுதான் கணக்கு.

ஒக்டோபர் 6, வெள்ளி

காலையில் கதவைத் திறந்தால் படியில் முட்டை. மூன்று. உடைந்து, கரு வழிந்து, கதவின் அடிப்பக்கமெல்லாம் காய்ந்துபோய்க் கிடந்தது. என் மனிசன் யோகநாதன் பஸ் ஓட்டுகிறவர், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார்.

"உவங்கள் வெள்ளைப் பொடியள் எறிஞ்சிருப்பாங்கள். கழுவிவிடும்" என்றார்.

"பொடியள் எறிஞ்சால் யன்னலுக்கெல்லோ எறிவாங்கள். இது படியில வைச்சு உடைச்சது. அதுவும் வெள்ளிக்கிழமை பாத்து. இது செய்வினை."

"விசர்க்கதை கதையாதையும்."

இவருக்கு நான் வாய் திறந்தாலே விசர்க்கதைதான். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கல்லுப்புப் போட்டு மூன்று தரம் உரஞ்சிக் கழுவினேன். இப்போது வந்து பார்த்தால் ஒரு அடையாளமும் இல்லை.

செய்தது யார் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

ஒக்டோபர் 11, புதன்

ஆறு வீடு முடிந்தது. ஆறிலும் பூச்சியம். புனிதமக்கா தேத்தண்ணியும் வடையும் தந்து அன்பாகத்தான் பேசினா.

"எங்களுக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. வெள்ளைக்காரர் தங்கமான சனம். எங்கட சனம்தான்…" என்று இழுத்தா.

"எங்கட சனம்தான் என்னக்கா?"

"ஒண்டுமில்லை. நீர் தேத்தண்ணியைக் குடியும்."

வெளியே வரும்போது பார்த்தேன், அவவின் வாசற்படி ஈரமாயிருந்தது. நேற்றும் இன்றும் மழை இல்லை. மஞ்சள் மணத்தது.

ஒக்டோபர் 13, வெள்ளி

இன்று புறா. தலை இல்லை. இறகு ஒன்றுகூடக் கலையாமல், யாரோ பக்குவமாய்ப் படுக்க வைத்த மாதிரி எங்கள் கதவைப் பார்த்துக் கிடந்தது. மகள் ஆரணியைப் பின்கதவால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.

சரி, எழுதிவிடுகிறேன். கௌரிதான். என் கூடப்பிறந்த தங்கச்சி. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். புருஷன் செத்து நாலு வருடம், மகன் வேறு ஊரில் படிக்கிறான், தனியாள். போன வருடம் ஆரணி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல். மண்டப வாசலில் நின்று "நீயும் ஒரு நாளைக்கு அனுபவிப்பாயடி" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. அக்காவைப் பார்த்து வாயில் வருகிற சொல்லா அது? எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. ஆரணிக்கு ஏதும் வந்தால் நான் அவளைச் சும்மா விடமாட்டேன்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

கொழும்பில் ஒரு ஐயா இருக்கிறார். வாட்ஸ்அப்பில் பேசினால் எல்லாம் சொல்லுவார் என்று கோயிலில் ஒருத்தி நம்பர் தந்தாள். பேசினேன். படியில் கிடந்ததைச் சொன்னேன், தங்கச்சியின் கதையையும் சொன்னேன். கண்ணை மூடி இருந்துவிட்டு, "இரத்த உறவு, பொம்பிளை, உங்களுக்கு இளையவ" என்றார். என்ன மாதிரிப் பிடித்தார்!

கறுப்பு நூலில் ஒரு தேசிக்காயும் ஏழு செத்தல் மிளகாயும் கோத்து வாசற்கதவில் கட்டச் சொன்னார். கட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 20, வெள்ளி

கதவு முழுக்கச் சிவப்பு. பெயின்றை அள்ளிப் பூசியிருக்கிறது. தேசிக்காயிலும் பட்டிருக்கிறது.

"நான் படம் எடுத்துப் பொலிசுக்கு அனுப்பப்போறன்" என்றார் இவர்.

"அனுப்பி? கூடப்பிறந்தவளைப் பொலிசில பிடிச்சுக் குடுத்தனான் எண்டு ஊர் சிரிக்கவோ?"

"உம்மட தங்கச்சி பெயின்ற் வாளி தூக்கிக்கொண்டு வந்தவவோ? நீர் செய்யிற வேலை என்ன வேலை எண்டு உமக்கு ஞாபகம் இருக்கோ?"

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். இவரின் போனில் இருந்த படத்தையும் இவர் குளிக்கப் போனபோது அழித்துவிட்டேன்.

ஒக்டோபர் 21, சனி

எட்டாம் இலக்க வீட்டுக் கொலின் நாயோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். நல்ல மனிதர், எப்போது கண்டாலும் காலை வணக்கம் சொல்லுவார். கதவில் தொங்குவது என்னவென்று கேட்டார். கெட்டது வராமல் இருக்கக் கட்டுவது என்று விளக்கினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கட்டுவார்களா என்றார். நம்பிக்கையுள்ளவர்கள் எல்லோரும் கட்டுவார்கள் என்றேன். "அப்படியா, மிகவும் சுவாரசியம்" என்று சொல்லி வடிவாய்ப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் பழக்கவழக்கத்தை இப்படிப் பொறுமையாய்க் கேட்கிற வெள்ளைக்காரர் எத்தனை பேர்?

ஒக்டோபர் 25, புதன்

இன்றைக்குப் புனிதமக்கா தானாகவே கூப்பிட்டா. கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, "உமக்கும் வைச்சிருக்கினமாம், உண்மையோ?" என்றா. அவவுக்கும் வந்திருக்கிறது. முதலில் முட்டை, பிறகு கோழி எலும்பு, பிறகு படியில் எரித்த சாம்பல்.

"ஆரில சந்தேகம் அக்கா?"

"வேற ஆர், என்ர மச்சாள்தான். பதினாலு மாசமாய் அவளோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை."

ஐயா சொன்னதைச் சொல்லி, நானே நூலும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போன நாலு வீட்டில் இரண்டு வீட்டிலும் இதே கதை. ஒருத்திக்குப் பழைய குடித்தனக்காரரில் சந்தேகம். மற்றவருக்குக் கோயில் சபைத் தலைவரில். இந்தச் சின்ன ஊருக்குள் இவ்வளவு பொல்லாத சனமா! வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் காவலாய்க் கட்டிவிட்டேன், இனிப் போகிற வீட்டுக்கும் கட்டுவேன்.

படிவத்தில் எல்லோருக்கும் பூச்சியம்தான். இனவெறி என்று அவர்கள் நினைக்கவில்லையே. விதி விதிதான்.

நவம்பர் 1, புதன்

டோனா என்னை மட்டும் இருக்கச் சொன்னாள். சோமாலி வீடுகளில் பதினெட்டுச் சம்பவம், போலந்துக்காரரிடம் பதினொன்று, என்னுடைய இருபத்தாறு வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"எங்கள் ஆட்கள் தங்கள் பாட்டில் ஒழுங்காக இருப்பவர்கள்" என்றேன்.

பேனாவை மூடினாள். "என் அம்மாவும் சாகும்வரைக்கும் அதைத்தான் சொன்னாள்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்?

நவம்பர் 10, வெள்ளி

தயாளினி போனில் அழுதாள். நான் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்று அவளுடையது. பிள்ளைத்தாய்ச்சி, ஏழு மாதம். "அக்கா, கட்டுறதுக்கு முதல் எங்களுக்கு ஒண்டுமே வரேல்லை. நீங்கள் வந்து கட்டின கிழமையே யன்னலை உடைச்சுப்போட்டினம்."

"கட்டினபடியால யன்னலோட போச்சுது எண்டு நினையும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே என்னவோபோல் இருந்தது.

மத்தியானம் அவளைப் பார்க்கத் தெரு வழியே நடந்து போனேன். ஒரு சனமில்லை. நான் கட்டின தேசிக்காய்கள் ஒவ்வொரு கதவிலும் தொங்கின. சிலது சுருங்கிக் கறுத்துவிட்டது. எல்லா யன்னலுக்கும் திரை போட்டிருந்தது. எந்தத் திரைக்குப் பின்னால் என்று தெரியவில்லை, ஆனால் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் வேகமாய் நடந்தேன்.

கௌரியின் தெருவாலேயே வீட்டுக்கு வந்தேன். அவளுடைய வெள்ளைக் கதவு பால் மாதிரிச் சுத்தம். முட்டை இல்லை, பெயின்ற் இல்லை, ஒன்றும் இல்லை. தமிழ் வீடு என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. ஊரெல்லாம் இப்படியிருக்க அவள் ஒருத்தி மட்டும் எப்படித் தப்பினாள்? இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

படியில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. உள்ளே பயத்தம் பணியாரம். துண்டு கிடையாது, பெயர் கிடையாது. மணத்திலேயே தெரிந்தது, அம்மாவின் கைப்பக்குவம், கௌரிக்கு மட்டும்தான் அது வரும். கையால் தொடாமல் சவளால் தூக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். ஆரணி கேட்டாள், பழுதாப்போன சாப்பாடு என்றேன்.

நவம்பர் 20, திங்கள்

போன வியாழன் இரவு எங்கள் கதவில் இருக்கிற கடிதப் பெட்டிக்குள்ளால் எரிகிற கடதாசியைப் போட்டிருக்கிறார்கள். கால்துடைக்கிற விரிப்புக் கருகியதோடு நின்றுவிட்டது. ஆரணி என் அறையில்தான் படுக்கிறாள், சாப்பிடுவதில்லை.

ஐயா சொன்னார், இனிக் காத்துக்கொண்டிருந்தால் உயிருக்கு வரும், அனுப்பினவளுக்கே திருப்பி விடவேண்டும் என்று. அதே தேசிக்காய், அதே மிளகாய், ஆனால் என் கையால் அவளுடைய கதவில் கட்டவேண்டும். கட்டினால் வந்தது வந்த வழியே போய்விடும்.

இவருக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 22, புதன்

கௌரி முதியோர் இல்லத்தில் காலை வேலை, இரண்டு மணிக்குத்தான் வருவாள். பத்தரைக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொலின் எதிர்ப்பக்கம் நாயோடு போனார், கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன்.

நான் ஒன்றும் பாவம் செய்யவில்லை. சாமத்தியவீட்டில் ஆரணிக்கு ஆலாத்தி எடுக்கக் கௌரி தட்டோடு முன்னுக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள் எடுக்கிறது எங்களுக்குள் வழக்கமில்லை. நானா அந்த வழக்கத்தை உண்டாக்கினேன்? இவருடைய அக்கா கண்ணால் காட்டினா, நான் தட்டை வாங்கி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்காக ஒரு குழந்தைப் பிள்ளையை எரிக்கப் பார்ப்பதா?

நவம்பர் 24, வெள்ளி

எங்கள் படி சுத்தம்! ஏழு கிழமைக்குப் பிறகு முதல் வெள்ளிக்கிழமை. சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

வேலைக்குப் போகிற வழியில் கௌரியின் தெருப்பக்கம் போனேன். கதவில் முட்டை. அவள் முழங்காலில் இருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போயிருக்கிறது, சொன்னபடியே திரும்பிப் போயிருக்கிறது. தேசிக்காயை அவள் கழற்றவில்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையால் போனேன். அவள் நிமிர்ந்தாளா என்று நான் பார்க்கவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

தலை முழுகினேன். நல்ல நித்திரை.

டிசம்பர் 1, வெள்ளி

நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்குக் கௌரியின் வீட்டுக் கடிதப் பெட்டிக்குள்ளால் பெற்றோல் ஊற்றி நெருப்பு வைத்திருக்கிறார்கள். கதவால் வெளியே வரப் பார்த்திருக்கிறாள், சுடச்சுடப் பூட்டைத் திறந்திருக்கிறாள். இரண்டு கையும் எரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

இப்படி நடக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐயாவுக்கு எட்டுத் தரம் எடுத்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

கௌரியின் கைகள் முழங்கை வரைக்கும் கட்டுப்போட்டு இரண்டு தலையணையில் கிடந்தன. முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் "அக்கா, வந்திட்டியோ" என்றாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

ஒரு இளம் பொலிஸ்காரி இருந்தாள். கௌரிக்கு இங்கிலிஷ் வரும், ஆனால் வலிமருந்து மயக்கத்தில் தமிழ்தான் வந்தது. மொழிபெயர்ப்பாளர் வரப் பிந்தும், அக்காதானே, நீங்களே சொல்லுங்கள் என்றாள் பொலிஸ்காரி. மூன்று பேரைப் பிடித்துவிட்டார்களாம். ஒருவன் கொலினின் மகன். தங்கள் ஊரைத் துப்புரவாக்குகிறோம் என்று எழுதி, ஆளுக்காள் படம் அனுப்பியிருக்கிறார்கள். பொலிஸ்காரி படங்களைக் காட்டினாள். எல்லாம் கதவுகள், பகல் வெளிச்சத்தில் எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தேசிக்காய், ஏழு மிளகாய். முதல் படம் எங்கள் கதவு. பிறகு புனிதமக்காவின் கதவு, தயாளினியின் கதவு. நான் போன ஒழுங்கிலேயே வந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டாவது கௌரியின் வெள்ளைக் கதவு.

இந்தப் பழம் உங்கள் கதவுக்கு எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

கௌரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ கட்டினது எண்டு எனக்குத் தெரியாதே? நூலை மூண்டு சுத்துச் சுத்தி உள்ளுக்கால எடுக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அம்மாவின்ர சாமானெல்லாம் நீ அப்பிடித்தானே கட்டுவாய். கண்ட உடன வாசலில இருந்து அழுதிட்டன். பணியாரம் சாப்பிட்டிருக்கிறாய், கோவம் ஆறீட்டுது, எனக்குக் காவலுக்குக் கட்டியிருக்கிறாய் எண்டு நினைச்சன். முட்டை அடிச்சுப்போட்டாங்கள், பாத்த சனம் அதைக் கழட்டச் சொன்னதுகள். அக்கா கட்டினது, கழட்ட மாட்டன் எண்டிட்டன்."

"என்ன சொல்கிறாள்?" என்றாள் பொலிஸ்காரி.

"தெரியாதாம்" என்றேன்.

அந்தத் தட்டை நான் வாங்கி வைக்கவில்லை. இருநூறு பேர் பார்க்க அவளுடைய கையிலிருந்து பிடுங்கினேன். இந்தக் கையிலிருந்துதான்.

டிசம்பர் 6, புதன்

மூன்று நாளாய் வீடு வீடாய்ப் போனேன். முதல் வேலை, நான் கட்டினதை நானே அறுத்து ஒரு பைக்குள் போட்டேன். இரண்டாவது, புதிதாய்ப் படிவம். இனவெறி என்ற சொல்லை எடுக்காமல், "உங்கட படியில ஆரும் எதையும் வைச்சவையோ? எண்டைக்கு? என்னது?" என்று மட்டும் கேட்டேன். வாய் திறந்தார்கள். அநேகமாய் எல்லாம் வியாழன் இருட்டின பிறகு வைத்தது, வெள்ளி காலையில் கண்டது. பிறகுதான் அந்தப் பொடியளின் போனில் இருந்த படங்களைப் பற்றிச் சொன்னேன்.

புனிதமக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. "அப்ப என்ர மச்சாள் இல்லையோ?"

"இல்லையக்கா."

"ஐயோ பிள்ளை. அவளின்ர மகளின்ர கலியாணத்துக்கும் நான் போகேல்லையே."

முப்பத்தொன்பது வீட்டில் இருபத்தெட்டுக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டையும் சேர்த்து. அதில் பதினேழுக்கு, நான் கட்டின பிறகுதான் வந்தது. அதையும் தனிக் கடதாசியில் எழுதி, யார் கட்டினது என்றும் எழுதி, டோனாவிடம் குடுத்தேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள். இது பொலிசுக்குப் போகவேண்டும், உனக்கு இந்த வேலை இனி இருக்குமோ தெரியாது என்றாள். தெரியும் என்றேன். பிறகு எழும்பி வந்து என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

கொலின் இன்றைக்கும் நாயோடு வந்தார். காலை வணக்கம் சொன்னார். அதே குரல், அதே சிரிப்பு. எங்கள் வெறும் கதவை வடிவாய்ப் பார்த்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 9, சனி

மிச்சமிருந்தது நாற்பதாவது வீடு. படிவத்தை எடுத்துக்கொண்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கௌரிக்கு ஒரு கையும் தூக்க முடியாது. குழைத்துத் தீத்தினேன். சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு உப்பில்லை, நல்லகாலம் நீ வந்தாய் என்றாள்.

பாதிச் சாப்பாட்டில் சொன்னேன். ஐயா சொன்னது, திருப்பி விட்டது, குப்பைத் தொட்டிக்குள் போன பணியாரம், வெள்ளிக்கிழமை எதிர்ப்பக்கத்தால் போனது, பொலிஸ்காரிக்கு நான் சொன்ன பொய். அழுது சொன்னால் அவளுக்கு என்னில் இரக்கம் வந்துவிடும் என்று அழாமல் சொன்னேன்.

அவள் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் கிழவி இருமி முடிந்து, தாதி வந்து திரையை இழுத்துவிட்டுப் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நீ எனக்குக் காவலுக்குக் கட்டேல்லை" என்றாள்.

"இல்லை."

"எனக்கு வரட்டும் எண்டு கட்டினாய்."

"ஓம்."

படிவத்தைக் கண்ணால் காட்டினாள். "அதில எழுது. ஆர் செய்தது எண்டு கேட்டால் அந்த மூண்டு பேரையும் எழுது. ஏன் செய்தவங்கள் எண்டு கேட்டால் நாங்கள் கறுப்பு எண்டு எழுது. உன்னை எழுத அதில இடம் இருக்காது."

எழுதினேன். இடம் இருக்கவில்லை.

மிச்சச் சோற்றை மூடப் போனேன். "மூடாத" என்றாள். "பசிக்குது. இன்னும் ரெண்டு வாய் கிடக்கு, தீத்து. தீத்திப்போட்டுப் போ. பேந்து வராத."

தீத்தினேன். வாயைத் துடைத்துவிட்டேன். தண்ணீர் பருக்கினேன். பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.